கதை கூடியது, விளையாட்டு குறைந்தது: ‘ட்ரீம்ஃபால்’ ஏன் வருத்தப்பட வைத்தது?

ஒரு கம்ப்யூட்டர் கேமின் முதல் பாகத்தை உயிராக நேசித்தவர்கள், பல வருடம் காத்திருந்து இரண்டாம் பாகத்தை விளையாடி முடித்துவிட்டு, “கதை பிரமாதம், ஆனா விளையாடின மாதிரியே இல்லை” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கேம்களுக்குப் புதியவர்களுக்கு இந்தப் புகார் புரியாது. கதை நன்றாக இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள், குரல் நடிப்பு, இசை, இடங்கள் எல்லாம் முதல் பாகத்துக்குக் குறைந்ததல்ல என்றும் ஒத்துக்கொள்கிறார்கள், அப்புறம் எதற்கு இவ்வளவு வருத்தம்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம். நார்வேயின் ஃபன்காம் நிறுவனம் 1999-இல் ‘த லாங்கஸ்ட் ஜர்னி’ என்ற அட்வென்ச்சர் கேமை வெளியிட்டது. அதன் இரண்டாம் பாகம் ‘ட்ரீம்ஃபால்’ 2006-இல் வந்தது. இரண்டையும் உருவாக்கியவர் ராக்னர் தோர்ன்குவிஸ்ட். ஆள் மாறவில்லை, உலகம் மாறவில்லை, எழுத்தின் தரம் இறங்கவில்லை. மாறியது ஒன்றுதான். இரண்டு கேம்களும் எனக்கு ரொம்பப் பிடித்தவை, இரண்டாவதில் ஏதோ ஒன்று கையை விட்டுப் போனது என்ற ஆதங்கமும் இன்னும் தீரவில்லை.

முதலில் அட்வென்ச்சர் கேம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பெயரைக் கேட்டதும் மலை ஏறுவது, துப்பாக்கியால் சுடுவது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. 1976 வாக்கில் வில் கிரௌதர் என்ற அமெரிக்க புரோகிராமர், குகைகளுக்குள் இறங்கிச் சுற்றும் பழக்கம் உள்ளவர், தனக்குத் தெரிந்த ஒரு குகையை வெறும் எழுத்தாலேயே விவரித்து அதற்குள் நம்மை நடமாட விட்டார். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். ‘அட்வென்ச்சர்’ என்ற அதன் பெயரே இந்த வகைக்கும் நிலைத்துவிட்டது. படம் கிடையாது, “வடக்கே போ”, “விளக்கை எடு” என்பதுபோல டைப் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 1984-இல் ராபர்ட்டா வில்லியம்ஸின் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ வந்தபோது திரையில் ஓர் உலகமும் அதில் நாம் நடத்திப்போகும் மனிதரும் கிடைத்தார்கள். 1987-இல் ‘மேனியாக் மேன்ஷன்’ டைப் செய்யும் வேலையையும் எடுத்துவிட்டது: திற, எடு, தள்ளு என்ற சொற்கள் திரையின் அடியிலேயே இருக்கும், தேர்ந்தெடுத்து ஒரு பொருளின்மேல் வைத்தால் போதும். இதிலிருந்து வளர்ந்ததுதான் ‘பாயிண்ட் அண்ட் கிளிக்’ என்று சொல்லப்படும் வகை.

இந்த வகையில் கை வேகம் வேண்டாம், குறி பார்த்துச் சுடத் தெரிய வேண்டாம், பெரும்பாலான கேம்களில் நேர நெருக்கடியும் கிடையாது. நீங்கள் ஓர் இடத்துக்குப் போகிறீர்கள், சுற்றிப் பார்க்கிறீர்கள், ஆட்களிடம் பேசுகிறீர்கள், எது கிடைக்கிறதோ அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறீர்கள் (இந்தப் பையைத்தான் ‘இன்வென்டரி’ என்கிறார்கள்), அப்புறம் அந்தப் பையில் இருப்பதையும் அந்த இடத்தில் இருப்பதையும் சேர்த்து யோசித்து, பூட்டிய ஒரு கதவையோ பேச மறுக்கும் ஒரு மனிதரையோ கடந்து போகிறீர்கள். இந்தத் தடைக்குப் பெயர் புதிர். புதிர் அவிழ்ந்தால் கதை நகரும். ‘கேம்ப்ளே’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். கேமுக்குள் நீங்கள் உங்கள் கையாலும் யோசனையாலும் செய்வது எல்லாம் கேம்ப்ளே. சுடும் கேமில் அது சுடுவது, பந்தயக் கேமில் அது வண்டி ஓட்டுவது, அட்வென்ச்சர் கேமில் அது பெரும்பாலும் புதிர். பக்கத்தில் வேறெதுவும் இல்லை. அதனால் புதிரை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகவே நிற்கும். பிறகு நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இப்போது முதல் பாகத்துக்கு வருவோம்.

‘த லாங்கஸ்ட் ஜர்னி’யின் நாயகி ஏப்ரல் ரையன், ஓவியம் படிக்கும் பெண், கதை நடப்பது 2209-இல். அவள் வாழும் நியூபோர்ட் நகரமும் நமக்குத் தெரிந்த இந்தப் பூமியும் ‘ஸ்டார்க்’ என்ற உலகம், அறிவியலின் உலகம். அதற்கு இணையாக ‘ஆர்கேடியா’ என்று இன்னோர் உலகம், மந்திரத்தின் உலகம். இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்தவை, இரண்டுக்கும் நடுவே போய்வரும் திறன் ஏப்ரலுக்கு இருக்கிறது. கதையை இதற்கு மேல் சொல்ல மாட்டேன், நீங்கள் விளையாட வேண்டியது அது.

இந்தக் கேமில் ரோப்பர் கிளாக்ஸ் என்றொரு மந்திரவாதி வருகிறான். ஆர்கேடியாவில் அவனை மந்திரத்தால் ஜெயிக்க முடியாது, ஏப்ரலுக்கு மந்திரம் தெரியாது, சண்டை போடவும் தெரியாது. அவள் பையில் இருக்கும் ஒரு சாதாரணக் கால்குலேட்டர்தான் அவனை வீழ்த்துகிறது. ஸ்டார்க்கில் மேசையில் கிடக்கும் ஒரு பொருள், மந்திரம் ஆளும் உலகத்தில் பேராயுதமாகிவிடுகிறது. இதை ஒரு காட்சியாகக் காட்டியிருந்தால் “ஓ, அப்படியா” என்று கடந்திருப்போம். ஆனால் கேம் நமக்குக் காட்டுவதில்லை. நாம்தான் அந்த மந்திரவாதியின் எதிரில் நின்றுகொண்டு, பையைத் திறந்து ஒவ்வொரு பொருளாகப் பார்த்து, இந்த இரண்டு உலகங்களும் எப்படி வேறுபட்டவை என்று இதுவரை கேட்ட பேச்சையெல்லாம் நினைத்துப் பார்த்து, கடைசியில் அந்தக் கால்குலேட்டரின்மேல் கை வைக்கிறோம். அந்த நொடியில் கதையின் மையக் கருத்து நமக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம், யாரும் விளக்கிச் சொல்லவில்லை, நாமே அதைப் பயன்படுத்திவிட்டோம். புதிர் என்பது கதையின் நடுவே போட்ட வேகத்தடை என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

எல்லாப் புதிரும் இப்படி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே கேமில், தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, சுரங்க ரயில் தண்டவாளத்தில் ஒரு சாவி கிடக்கும். அதை எடுக்க ஒரு கிடுக்கியையும் துணி காயப்போடும் கொடிக்கயிற்றையும் காற்றடைத்த ஒரு ரப்பர் வாத்தையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். வாத்திலிருந்து மெல்லக் காற்று இறங்க இறங்க, கிடுக்கி மூடிக்கொண்டு சாவியைக் கவ்வும். இதைத் தானாக யாராவது கண்டுபிடித்திருந்தால் அவர்களுக்கு என் வணக்கம். அட்வென்ச்சர் கேம்களின் அர்த்தமில்லாத புதிர்களுக்கு உதாரணம் கேட்டால் ரசிகர்கள் இன்றுவரை இந்த வாத்தைச் சொல்கிறார்கள். அதே 1999-இல் வந்த ‘கேப்ரியல் நைட் 3’-இல் பூனையின் முடியைக் கொண்டு பொய்மீசை செய்து, மீசையே இல்லாத ஒருவரைப்போல வேடமிடும் புதிர் வருகிறது. இதுபோன்ற இடங்களில் புதிர் கதையோடு ஒட்டவில்லை. நீங்கள் அந்த உலகத்தைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, இதை எழுதியவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். இந்த வகைக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு இவையும் காரணம், பிறகு நடந்ததற்கும் இவையே ஒரு காரணம்.

ஆனாலும், அந்த வாத்து இருந்தும், முதல் பாகத்தை முடித்தவர்களுக்கு நியூபோர்ட்டும், ஆர்கேடியாவின் மார்க்கூரியா நகரமும் வாழ்ந்த ஊர்போல நினைவில் நிற்கின்றன. ஏன் என்று யோசித்திருக்கிறேன். ஒரு புதிருக்குள் மாட்டிக்கொண்டால் நாம் அந்த இடத்தை விட்டுப் போக முடியாது. சந்தையில் இருக்கும் எல்லோரிடமும் இன்னொரு முறை பேசுவோம், முதல் தடவை கவனிக்காமல் விட்ட ஒரு பலகையைப் படிப்போம், விடுதியின் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தெரியாமலே அந்த ஊர் நமக்குள் இறங்கிவிடும். கேமை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கும்போதும் மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், பஸ்ஸில் போகும்போது சட்டென்று விடை தோன்றும். கதையை எழுதியவர் எத்தனை அழகாக எழுதினாலும் அந்த நேரத்தை எழுத்தால் மட்டும் கொடுக்க முடியாது. புதிர் கொடுக்கும்.

சரி, ‘ட்ரீம்ஃபால்’.

பத்து வருடம் கழித்து, 2219-இல், காசாபிளாங்காவில் தொடங்குகிறது. புதிய நாயகி ஜோயி காஸ்டில்லோ. படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறாள். பத்திரிகையாளனான அவளுடைய முன்னாள் காதலன் காணாமல் போகிறான். திரைகளில் ஒரு சின்னப் பெண் தோன்றி, ஏப்ரல் ரையனைக் கண்டுபிடிக்கச் சொல்கிறாள். முதல் பாகத்தை முடித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும், அத்தனை நல்ல தொடக்கம். பிறகு மார்க்கூரியாவுக்குப் போகிறோம். முன்பு வெயில் அடித்த அந்த ஊரில் இப்போது பனி, அஸாதி என்ற பேரரசின் படைகள் ஊரைப் பிடித்து வைத்திருக்கின்றன, ஏப்ரல் அவர்களை எதிர்க்கும் கூட்டத்தில் இருக்கிறாள், சிரிப்பெல்லாம் போய்க் கசந்துபோன மனுஷியாக. அந்தப் பேரரசின் பக்கம் கியான் ஆல்வேன் என்ற போர்வீரன், தன் மதத்தை முழுமனதாக நம்புகிறவன். இந்த மூன்று பேரையும் நாம் மாறி மாறி இயக்குகிறோம். நம்பிக்கை இழப்பதைப் பற்றி ஒரு கேமில் இவ்வளவு பக்குவமாக எழுதியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நடக்கிறோம். ஒருவரிடம் போய்ப் பேசுகிறோம், அவர் இன்னொருவரிடம் போகச் சொல்கிறார், நடந்து போய் அவரிடம் பேசுகிறோம், நடுவில் ஒரு நீளமான ‘கட்சீன்’ ஓடுகிறது. அதாவது நம் கையில் எதுவும் இல்லாமல் படம்போல ஓடும் காட்சி. பையில் எப்போதும் ஓரிரு பொருள்தான் இருக்கும், அந்தப் பொருளை எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதும் பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே தெரிந்துவிடும். மின்பூட்டுகளைத் திறக்க அடையாளங்களைப் பொருத்தும் ஒரு சின்ன விளையாட்டு உண்டு, அதையே வேறு வேறு கதவில் திரும்பச் செய்கிறோம். கண்டதும் யோசிக்க வைத்து, மேசையை விட்டு எழுந்து போன பிறகும் தலைக்குள் சுற்றும் புதிர்கள் இதில் மிகவும் குறைவு. விடுகதை போட்டவரே நாம் வாயைத் திறப்பதற்குள் விடையையும் சொல்லிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும்.

விளையாட்டு குறைகிறது என்று உருவாக்கியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வெற்றிடத்தில் இரண்டு விஷயங்களைச் சேர்த்திருக்கிறார்கள்: சண்டையும், காவலர் கண்ணில் படாமல் பதுங்கிப் போவதும். சண்டை என்றால் ஒரு லேசான அடி, ஒரு பலமான அடி, ஒரு தடுப்பு, அவ்வளவுதான், அதுவும் அடி எப்போது படும் என்று சொல்ல முடியாத அளவுக்குத் தடுமாற்றமாக இருக்கும். சில இடங்களில் சண்டை போடாமல் வேறு வழியில் போகலாம் என்பது ஆறுதல். இதை விமர்சகர்கள் அப்போதே கண்டித்தார்கள், அதே விமர்சகர்கள் கதையைப் பாராட்டவும் செய்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ரசிகர்கள் கேட்டது “இன்னும் ஏதாவது செய்யக் கொடு” என்பதல்ல. எதைச் செய்தாலும் பரவாயில்லை என்றால் சண்டையே போதுமாக இருந்திருக்கும். மந்திரவாதியைக் கால்குலேட்டரால் ஜெயித்த ஏப்ரலின் உலகத்தில், காவலரைக் குத்தி வீழ்த்துவது எதையும் சொல்வதில்லை. அதைச் செய்யும்போது ஸ்டார்க்கைப் பற்றியோ ஆர்கேடியாவைப் பற்றியோ ஜோயியைப் பற்றியோ நமக்குப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. பொத்தானை அழுத்துகிறோம், ஆள் விழுகிறான், கதை மறுபடி தொடங்குகிறது. கேம்ப்ளே கதையோடு பேச வேண்டும். பேசாத கேம்ப்ளேயை அளவுக்கு அதிகமாகச் சேர்த்தாலும் குறை தீராது.

இன்னொன்று. முதல் பாகத்திலும் பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பாத்திரத்திடம் எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆகும், ஆர்கேடியாவின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தால் காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஆகவே “கதை அதிகமாகிவிட்டது” என்று சொல்வது சரியான புகார் அல்ல என்பது என் கருத்து. முதல் பாகத்தில் அந்தப் பேச்சைக் கேட்க நமக்கு ஒரு தேவை இருந்தது. அந்த மனிதர் சொல்லும் ஏதோ ஒரு வரியில் நம் புதிருக்கு விடை ஒளிந்திருக்கலாம் என்று தெரியும், அதனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். இரண்டாம் பாகத்தில் கவனிக்காமல் கேட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேமே சொல்லிவிடும். அதே தரமான எழுத்துதான், நாம் கேட்கும் விதம் மாறிவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் உருவாக்கியவர்கள்மேல் கோபம் குறையும். 1998-இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘கிரிம் ஃபாண்டாங்கோ’ விமர்சகர்களின் பாராட்டை அள்ளியும் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. அதே நிறுவனம் 2003-இல் ‘ஃபுல் திராட்டில்’ கேமின் இரண்டாம் பாகத்தையும், 2004-இல் ‘சாம் அண்ட் மேக்ஸ்’ கேமின் இரண்டாம் பாகத்தையும் பாதியிலேயே கைவிட்டது. இந்த வகையின் கதை முடிந்துவிட்டது என்று பலரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் சூழலில் ஓர் அட்வென்ச்சர் கேமுக்குப் பணம் கேட்பதே பெரிய காரியம், பழைய மாதிரியே செய்யப் போகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்குவது அதைவிடப் பெரிய காரியம்.

‘ட்ரீம்ஃபால்’ கம்ப்யூட்டரோடு, டிவியில் இணைத்து விளையாடும் எக்ஸ்பாக்ஸ் கருவியிலும் வந்தது. மவுஸை விட்டுவிட்டு கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்கு மாறும்போது, திரையின் மூலையில் இருக்கும் ஒரு சின்னக் கரண்டியைச் சுட்டிக்காட்டி எடுப்பது சுலபமல்ல. வரைந்த பின்னணிக்குப் பதிலாக முப்பரிமாண உலகம் வந்துவிட்டது, நாயகியின் பின்னாலேயே கேமரா போகிறது. அப்படிப்பட்ட உலகில் நடப்பது சுகமாக இருக்கும், தேடுவது சுகமாக இருக்காது.

அதற்கும் மேல், என் பார்வையில் முக்கியமான காரணம், மூன்று நாயகர்கள். முதல் பாகத்தில் ஏப்ரலோடு மட்டுமே இருந்தோம், அவள் பை நம் பை, அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. ‘ட்ரீம்ஃபால்’ ஒரு நெருக்கடியான கட்டத்தில் ஜோயியை விட்டுவிட்டு ஏப்ரலிடம் தாவுகிறது, அங்கே கொஞ்ச நேரம், பிறகு கியானிடம். நாவலுக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் அது நல்ல உத்தி, பதற்றம் கூடும். புதிருக்கு அது ஆகாது. ஒரு நல்ல புதிருக்கு ஓர் இடத்தில் நீண்ட நேரம் தங்க வேண்டும், அங்கே பொருள் சேர வேண்டும், தோற்றுத் தோற்றுத் திரும்பி வர வேண்டும். தாவிக்கொண்டே இருக்கும் கதையால் அதற்கு இடம் கொடுக்க முடியாது. அதனால் கதையின் கட்டுமானத்தை முடிவு செய்தபோதே புதிர்களின் தலையெழுத்தும் முடிவாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் பாகம் என்பதாலேயே வரும் சுமையும் இருக்கிறது. முதல் பாகத்தில் நடந்ததை நினைவூட்ட வேண்டும், பழைய ஆட்கள் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டும், புதியவர்களுக்கு இரண்டு உலகங்களையும் விளக்க வேண்டும், அடுத்த பாகத்துக்கும் விதை போட வேண்டும். ‘ட்ரீம்ஃபால்’ இதையெல்லாம் பேச்சாலும் காட்சியாலும் செய்தது, கடைசியில் பல முடிச்சுகளை அவிழ்க்காமலே முடிந்தும் போனது. விளையாட்டும் குறைவு, கதையும் முழுமையாக முடியவில்லை என்றானபோது ரசிகர்களின் வருத்தம் இரட்டிப்பானது. அடுத்த பாகம் வர எட்டு வருடம் ஆனது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாகத்தால் இந்தச் சுமையைத் தாங்கவே முடியாதா என்று கேட்டால், முடியும் என்பதற்கு ‘ரிவன்’ இருக்கிறது. 1993-இல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களின் சியான் நிறுவனம் ‘மிஸ்ட்’ கேமை வெளியிட்டது. அதன் இரண்டாம் பாகமாக 1997-இல் வந்தது ‘ரிவன்’. முதல் பாகத்தைவிடக் கதை பெரியது, ஒரு முழு மக்கள்கூட்டத்தின் கதை, தன்னைக் கடவுளாக்கிக்கொண்ட கென் என்ற கொடுங்கோலனின் கதை. அதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. தீவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆளில்லாமல். அங்கே குழந்தைகளுக்கான ஒரு பொம்மை: கயிற்றில் தொங்கும் ஒரு மனித உருவம், அதற்குக் கீழே வாயைத் திறந்தபடி ஒரு கடல் விலங்கு. பொம்மையை இயக்கினால் ஒரு புரியாத குறி தோன்றும், அந்தக் குறிக்கு ஏற்ற எண்ணிக்கையில் உருவம் படிப்படியாகக் கீழே இறங்கும். திரும்பத் திரும்ப இயக்கிப் பார்த்தால் அந்த ஊரின் எண்களை நீங்கள் கற்றுக்கொண்டுவிடுவீர்கள், இருபத்தைந்தை அடிப்படையாகக் கொண்ட எண்முறை அது, பின்னால் முக்கியமான பூட்டுகளுக்கு அது வேண்டும். கற்றுக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு கணம் உறைக்கும்: மனிதனை விலங்குக்கு இரையாகப் போடுவதை வைத்து இந்த ஊரில் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வசனம்கூடக் கிடையாது. கொடுங்கோன்மை என்றால் என்ன என்று நம் கையாலேயே அந்தப் பொம்மையைச் சுற்றித் தெரிந்துகொள்கிறோம். இதைவிடச் சிறப்பாகக் கதையையும் புதிரையும் ஒன்றாக்கிய இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கதை பெரிதாக வேண்டுமென்றால் விளையாட்டைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்வேன்.

மறுபக்கமும் உண்டு. புதிர் குறைந்தாலே ஏமாற்றம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. 2012-இல் டெல்டேல் நிறுவனத்தின் ‘த வாக்கிங் டெட்’ வந்தது, அதில் புதிர் என்று சொல்லத்தக்கது மிகக் கொஞ்சம். இருந்தும் அந்த வருடத்தின் சிறந்த கேம் என்று பல விருதுகளை வாங்கியது. அதில் நமக்கு வேறு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரைக் காப்பாற்றுவது, யாரிடம் உண்மையைச் சொல்வது என்று முடிவு எடுக்க வேண்டும். கதையின் பெரிய போக்கு மாறாவிட்டாலும், முடிவெடுத்த பாரம் நம்முடையதுதான். அதோடு, அந்தக் கேம் யாருக்கும் புதிர்களை வாக்குக் கொடுத்திருக்கவில்லை. அதன்பிறகு ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்று அழைக்கப்படும் கேம்களும் வந்தன, 2013-இன் ‘கான் ஹோம்’ மாதிரி. ஆளில்லாத வீட்டுக்குள் நடந்து, கடிதங்களையும் பொருள்களையும் பார்த்து, ஒரு குடும்பத்தின் கதையை நாமே சேர்த்துக்கொள்வது. அதில் கதை கிடைப்பதே நாம் தேடுவதால்தான். எனக்கு அதுவும் பிடிக்கும்.

ஆக ‘ட்ரீம்ஃபால்’ தந்த ஏமாற்றம் அது இரண்டாம் பாகம் என்பதோடு சேர்ந்தது. இதே கேம் வேறு பெயரில், வேறு உலகத்தில் வந்திருந்தால் “அருமையான கதை, விளையாட்டு கொஞ்சம் சுமார்” என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம். ஆனால் மார்க்கூரியாவின் ‘ஜர்னிமேன்’ விடுதிக்குள் மறுபடி நுழையும்போது, முன்பு இங்கே எதை எடுத்தோம், யாரிடம் என்ன கேட்டோம் என்று கைக்கு ஒரு நினைவு இருக்கிறது. அந்த அறைக்குள் மறுபடி எதையாவது தேட வேண்டும் என்று கை பரபரக்கிறது. அங்கே நமக்குச் செய்ய இருப்பதோ கொஞ்சம்தான். பழகிய ஊருக்குத் திரும்பி வந்து, விருந்தாளியாக மட்டும் உட்காரச் சொன்ன மாதிரி ஒரு வலி.

மூன்றாம் பாகத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோர்ன்குவிஸ்ட் ‘ரெட் திரெட் கேம்ஸ்’ என்று தனி நிறுவனம் தொடங்கி, 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் ரசிகர்களிடமே பணம் திரட்டினார். எட்டரை லட்சம் டாலர் கேட்டார்கள், 15 லட்சத்துக்கு மேல் வந்தது. ஏமாந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள்தான் அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள், அந்தக் கதையின்மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம். ‘ட்ரீம்ஃபால் சாப்டர்ஸ்’ 2014 முதல் 2016 வரை ஐந்து பகுதிகளாக வந்தது. சண்டையை எடுத்துவிட்டார்கள், புதிர்களை ஓரளவு மீட்டுக்கொண்டு வந்தார்கள், நம் தேர்வுகளுக்குப் பின்விளைவு வைத்தார்கள். முதல் பாகத்தின் அடர்த்தி திரும்பவில்லை, ஆனால் கை மறுபடி வேலை செய்தது.

புதிதாக விளையாட வருபவர்களுக்கு: முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள், ஸ்டீம், ஜிஓஜி என்ற கேம் விற்கும் இணையதளங்களில் கிடைக்கிறது. படம் பழையதாகத் தெரியும், அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். ‘வாக்த்ரூ’ எனப்படும் முழு விடைக் குறிப்புகளை முதலிலேயே திறந்து வைத்துக்கொள்ளாதீர்கள். மாட்டிக்கொண்டால் கேமை மூடிவிட்டு மறுநாள் வாருங்கள், பாதிப் புதிர்கள் அதிலேயே அவிழும். அந்த ரப்பர் வாத்துக்கு மட்டும் தயங்காமல் விடையைப் பார்த்துக்கொள்ளலாம், அதில் எந்த இழப்பும் இல்லை. அப்புறம் ‘ட்ரீம்ஃபால்’ பக்கம் போகும்போது, முதல் பாகத்தை முடித்த சூட்டோடு போகாமல் நடுவில் சில வாரம் இடைவெளி விடுங்கள். இது முக்கால்வாசி பார்க்கவும் கேட்கவும் வேண்டிய ஒன்று என்று முன்பே தெரிந்துகொண்டு, முடிந்தால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வசனங்களைத் தட்டித் தள்ளாமல் விளையாடுங்கள். சண்டை வரும் இடங்களில் சுற்றுப்பாதையோ பேசித் தப்பும் வழியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில இடங்களில் இருக்கும். கடைசிக் காட்சி முடிந்ததும் மூன்றாம் பாகத்தைத் தயாராக வைத்திருங்கள். 2006-இல் விளையாடியவர்களைப்போல நீங்கள் எட்டு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.